மீனை விட்ட தவக்காலம்

என் மனைவி ஒரு வசனத்தைப் பாதியில் விடுகிறவள் அல்ல. கலியாணம் முடித்த நாளிலிருந்து எனக்கு இது தெரியும். இடையில் யாராவது குறுக்கிட்டால், அவர்கள் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருந்து, விட்ட சொல்லிலிருந்தே பிடித்துத் தொடங்குவாள். நான் துறைமுகத்தில் இழுவைப்படகுகளின் இயந்திர அறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். அந்தச் சத்தத்துக்குள் இருந்து பழகியதால்தான் இவளோடு குடும்பம் நடத்த முடிந்தது என்று கூட்டாளிகளிடம் சொல்லிச் சிரிப்பதுண்டு. அவள் காதில் விழுந்தாலும் கோபிக்கமாட்டாள். "ஓம், உங்களுக்குக் காது கேளாது. அதாலதான் எல்லாத்தையும் ரெண்டு தரம் சொல்ல வேண்டிக் கிடக்கு" என்பாள்.

தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றின் காலை. அன்புவழிபுரத்தில் எங்கள் வீட்டுக் குசினியில் அவள் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். நான் முன்னறையில் கதிரையில் சாய்ந்து வானொலி கேட்டுக்கொண்டிருந்தேன். செய்தி முடிந்து மரண அறிவித்தல் தொடங்கியிருந்தது. அதற்கு மேலால் அவளுடைய குரல் வந்தது.

"போன வெள்ளியும் சிலுவைப்பாதைக்கு வாறன் எண்டு சொன்னனீங்கள். பிறகு முழங்கால் நோகுது எண்டு சாட்டுச் சொன்னனீங்கள். பாதர் உங்களைக் கேக்கிறார், எனக்குத்தான் வெக்கம். இண்டைக்கும் நீங்கள் வராட்டி, நான்..."

அதோடு நின்றது. மிரட்டல் வரட்டும் என்று காத்திருந்தேன். வரவில்லை. திருவலையின் சத்தமும் நின்றிருந்தது. இவ்வளவு காலமும் அவள் வாயை மூடினால் நிம்மதி என்று பகிடி விட்டவன், அவள் வாய் மூடிய அந்தக் கணத்தில் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினேன்.

திருவலையில் இருந்தபடி சுவரில் சாய்ந்திருந்தாள். தேங்காய்ப்பாதி வலது கையிலிருந்து நழுவி நிலத்தில் கிடந்தது. அதை ஏதோ பிறத்தியாருடைய பொருளைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. என்னைக் கண்டதும் ஏதோ சொல்ல முயன்றாள். சத்தம் வந்தது, சொல் வரவில்லை.

நான் முதலில் செய்த காரியம் குனிந்து அவளுடைய நெஞ்சில் காதை வைத்தது. பார்க்கிறவர்களுக்கு இது விசர்த்தனமாகத் தெரியும். எங்களுக்கு அது பழக்கம். சிறுவயதில் வந்த ஒரு காய்ச்சல் அவளுடைய இதய வால்வு ஒன்றைக் கெடுத்துவிட்டது. கலியாணம் முடித்துச் சில வருடங்களில் கொழும்பில் வைத்து அதை எடுத்துவிட்டுச் செயற்கை வால்வு வைத்தார்கள். அன்றிலிருந்து அவளுக்குள் ஒரு 'டிக்' சத்தம். இரவில் மின்விசிறியை நிறுத்தினால் பக்கத்தில் படுத்திருப்பவனுக்குத் தெளிவாகக் கேட்கும். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்தச் சத்தமும் அவளுடைய குரலும்தான் வீட்டில் கேட்பது. காதை வைத்தேன். டிக், டிக் என்று அடித்துக்கொண்டுதான் இருந்தது. அப்படியென்றால் வேறு என்ன நடந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

என் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பெண் ஓடிவந்தாள். அவளுடைய புருசனுக்கு நெடுநாள் நீரிழிவு. பார்த்த உடனேயே தீர்ப்புச் சொன்னாள்.

"அண்ணை, பயப்பிடாதைங்கோ. இது சுகர் இறங்கினது. அக்கா ஒருசந்தி பிடிக்கிறா எல்லே? வெறும் வயித்தில நிண்டு வேலை செய்திருக்கிறா. எங்கட வீட்டிலயும் இவருக்கு இப்பிடித்தான் வாய் குழறி, கை விழுந்து போனது. சீனித் தண்ணி குடுக்க எழும்பி இருந்தவர்."

அதை நம்ப வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்று சொல்ல முடியாது. ஒருசந்தி என்றால் தவக்காலத்தில் எங்கள் சனம் பிடிக்கும் ஒரு நேர உபவாசம். அவள் வெள்ளிக்கிழமைகளில் மதியம்வரை ஒன்றும் வாயில் வைக்கமாட்டாள். காரணம் பொருந்தியது. சீனி என்றால் சீனி, இரண்டு கரண்டி கூடப் போட்டால் சரி. பக்கத்து வீட்டுப் பெண் தேத்தண்ணி கலந்து வந்தாள். நான் கோப்பையை மனைவியின் வாயில் பிடித்தேன். தேத்தண்ணி வலது கடைவாயால் ஒழுகிச் சட்டையில் வடிந்தது. உள்ளே போன கொஞ்சம் புரைக்கேறி, கண் பிதுங்க இருமினாள். கோப்பையை அப்பால் வைத்தேன்.

"வேண்டாம், விடு. விழுங்க ஏலாதவளுக்கு என்னத்தைக் குடுக்கிறது? ஓட்டோ ஒண்டு பிடி."

ஓட்டோவில் அவளை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் நாங்கள் பிடித்துக்கொண்டோம். பஸ் நிலையத்தடியில், எங்கள் நகரத்துக்குள்ளேயே திரிகிற மான்கள் கூட்டமாக வீதியைக் கடந்துகொண்டிருந்தன. சாரதி வேகத்தைக் குறைத்தான். ஒரு கொம்பன் நடுவீதியில் நின்று எங்களைப் பார்த்தது. வெளியூரார் படம் பிடிக்கிற அந்த மானை நான் தலையை வெளியே நீட்டித் தூஷணத்தில் ஏசினேன். தவக்காலத்து வெள்ளிக்கிழமை. பக்கத்து வீட்டுப் பெண் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். என் மனைவி வழமையாக இருந்திருந்தால் இதற்கே ஒரு கிழமை பேசியிருப்பாள்.

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் ஒரு இளம் பெண் டொக்டர் நின்றார். தலையைத் துணியால் சுற்றியிருந்தார். பேச்சில் மூதூர்ப் பக்கம் தெரிந்தது. உதடுகள் காய்ந்திருந்தன. அந்த வருடம் முஸ்லிம்களின் நோன்பும் எங்கள் தவக்காலமும் ஒன்றாக வந்திருந்தன. ஆனால் அது அப்போது எனக்கு நினைவுக்கு வரவில்லை. அவர் மனைவியின் இரண்டு கையையும் தூக்கச் சொன்னார். இடது கை எழும்பியது. வலது கை கட்டிலிலேயே கிடந்தது.

"ஐயா, இது எப்ப தொடங்கின?"

"'நான்' எண்டு சொன்ன உடன."

டொக்டர் நிமிர்ந்து பார்த்தார். அவள் ஓயாமல் கதைத்துக்கொண்டிருந்ததையும், 'நான்' என்ற சொல்லோடு கதை அறுந்ததையும், அப்போது வானொலியில் மரண அறிவித்தல் தொடங்கியிருந்ததையும் சொன்னேன்.

"அப்ப எட்டு மணிக்குக் கிட்ட" என்று அவர் எழுதிக்கொண்டார். "நல்லம் ஐயா. கொஞ்சப் பேர் படுத்து எழும்பேக்க கை இழுத்துக் கிடக்கும். எப்ப தொடங்கின எண்டு ஆருக்கும் தெரியாது. நேரம் தெரியாட்டிக் குடுக்கேலாத மருந்து ஒண்டு இருக்கு."

அவளுடைய வாய் ஓயாத குணம் ஒருநாள் இப்படி உதவும் என்று நான் நினைத்ததே இல்லை.

எல்லாவற்றுக்கும் முதல் தாதி அவளுடைய விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்தார். சின்னக் கருவியில் அதை வைத்தபோது நானும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் கழுத்தை நீட்டிக்கொண்டு பார்த்தோம். குறைய வேண்டும், குறைய வேண்டும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். குறைந்திருந்தால் ஒரு ஊசியோடு எழும்பி இருந்து, மானை ஏசியதற்கு என்னை ஏசுவாள்.

"சுகர் சரியா இருக்கு" என்றார் டொக்டர். "சுகர் நல்லாக் குறைஞ்சாலும் இதே மாதிரிக் கை விழும், பேச்சுப் போகும். அதாலதான் அதை முதல்ல பாக்கிற. இது அது இல்ல."

சீனி சரியாக இருப்பதைக் கேட்டு ஒரு மனிதன் இடிந்துபோவானா? நான் போனேன். கையில் பிடித்திருந்த கடைசிக் கயிறும் நழுவியதுபோல இருந்தது. பிறகு தாதி இடது கையில் நரம்பைத் தேடிக் குழாய் குழாயாக இரத்தம் எடுத்தார். ஒவ்வொரு குழாய்க்கும் ஒவ்வொரு நிற மூடி. நீல மூடிக் குழாயை முதலில் ஆய்வுகூடத்துக்குக் கொண்டு ஓடச் சொன்னார் டொக்டர். படகில் எண்ணெயைத் தொட்டு, விரலிடுக்கில் உரசிப் பார்த்து, உள்ளே எங்கே தேய்கிறது என்று கண்டுபிடிக்கிற வேலை என்னுடையது. ஆகவே எனக்குத் தோன்றியதைக் கேட்டேன்.

"டொக்டர், இந்த இரத்தத்தைப் பார்த்தால் ஸ்ட்ரோக் எண்டு தெரிஞ்சிடுமோ?"

"இல்ல ஐயா. ஸ்ட்ரோக்தான் எண்டு சொல்ற இரத்தச் சோதனை எங்கட கையில இல்ல. அதுக்குத் தலைய ஸ்கேன் எடுக்கோணும். இரத்தம் சொல்றது வேற. ஸ்ட்ரோக் மாதிரி வந்து ஏமாத்துற வேற வருத்தமா எண்டு சொல்லும். ஏன் வந்த எண்டு சில நேரம் சொல்லும். மருந்தக் குடுத்தாத் தாங்குமா எண்டும் சொல்லும். இப்ப எனக்கு அதுதான் அவசரம். இவ என்ன மருந்து பாவிக்கிறா?"

இந்தக் கேள்விக்குத்தான் நான் ஆயத்தமாக இருந்தேன். வால்வு வைத்தவர்களுக்கு இரத்தம் இளகியிருக்க ஒரு குளிசை கொடுப்பார்கள், வாஃபரின் என்று பெயர். இரத்தம் தடித்தால் வால்வில் இரத்தக்கட்டி பிடித்து அது மூளைக்குப் போகும். அளவுக்கு மிஞ்சி இளகினால் உள்ளுக்குள் கசியும். அதனால் கிளினிக்கில் இரத்தம் எடுத்து, உறைகிற வேகத்தை ஒரு எண்ணாகச் சொல்லுவார்கள். அவளுக்கு அது இரண்டரைக்கும் மூன்றரைக்கும் இடையில் நிற்க வேண்டும். நின்றது. எத்தனையோ வருடமாகக் கிளினிக்கில் அவளைத்தான் மற்ற நோயாளிகளுக்குக் காட்டிச் சொல்லுவார்கள்.

"வாஃபரின்" என்றேன். "வால்வு வச்சதில இருந்து ஒரு நாளும் விட்டதில்லை டொக்டர். பின்னேரம் கோவில் மணி அடிக்கும், இவ குளிசையைப் போடுவா. மணி பிந்தினாலும் இவ பிந்த மாட்டா. போன முறை கிளினிக்கிலயும் எண் நல்லா இருந்தது."

நல்லம் என்ற சொல்லை எதிர்பார்த்து நின்றேன். டொக்டருடைய பேனை நின்றுவிட்டது. அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

"ஐயா, மூளைக்குப் போற குழாயில கட்டி அடைச்சிருந்தா அதைக் கரைக்க ஒரு ஊசி மருந்து இருக்கு. நீங்க நேரத்தோட வந்திருக்கிறீங்க. ஆனா இரத்தம் ஏற்கெனவே நல்லா இளகி இருந்தா அந்த மருந்தக் குடுக்கேலாது. குடுத்தா மூளைக்குள்ள இரத்தம் பாயும். எண் ஒண்டு தசம் ஏழுக்குக் கீழ இருந்தாத்தான் எங்களால யோசிக்க ஏலும்."

இரண்டரைக்கும் மூன்றரைக்கும் இடையில். அந்த எண்ணைத்தான் இத்தனை வருடமும் நாங்கள் கட்டிக் காத்தோம். கிளினிக்கால் வரும்போது அது சரியாக இருந்தால் நான் வழியில் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுப்பேன். அதே எண் இப்போது அவளுக்கும் மருந்துக்கும் நடுவில் வந்து நின்றது. அவள் கட்டிலில் கிடந்தபடி எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். கேட்டது விளங்கியதா இல்லையா என்று தெரியவில்லை. பதில் சொல்லச் சொல் இல்லாத கண் எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அன்றுதான் கண்டேன்.

ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போய் வந்தார்கள். தலைக்குள் இரத்தக் கசிவு இல்லை என்றார்கள். அப்படியென்றால் கட்டிதான். இனி, அந்த எண்ணைச் சொல்லும் நீல மூடிக் குழாயின் முடிவு வர வேண்டும். வெளியே போட்டிருந்த வாங்கில் நானும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் இருந்தோம். அவள் செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு இருக்க முடியவில்லை. ஆய்வுகூடப் பக்கத்துக் கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் எழும்பினேன். யாரோ துடைப்பத்தோடு வருவார்கள். திரும்ப இருப்பேன்.

"என்ன சொல்லிச் செபிக்கிறாய்?" என்று கேட்டேன்.

"அக்கான்ர சோதனை நல்லா வரட்டும் எண்டு, அண்ணை."

"அப்பிடிக் கேளாதை. கூடாமல் வரட்டும் எண்டு கேள்."

அவள் செபமாலையைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். மண்டை பிசகிவிட்டது என்று நினைத்திருப்பாள். விளக்கம் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. "சொன்னதைக் கேள்" என்று சத்தம் போட்டேன். பாவம், அவள் எதிர்த்துக் கதைக்காமல் முதல் மணியிலிருந்து தொடங்கினாள். நானும் எனக்குள் கேட்டேன். இவள் ஒரு நாளாவது குளிசையை மறந்திருக்கட்டும். இரண்டு நாள் மறந்திருக்கட்டும். எனக்குத் தெரியாமல் சன்னலால் எறிந்திருக்கட்டும். கடவுளிடம் இப்படியும் ஒருவன் கேட்பான் என்று அதுவரை நான் நினைத்ததில்லை. ஆனால் கேட்கும்போதே எனக்குத் தெரியும், அவள் மறக்கிறவள் அல்ல.

கதவு திறந்தது. டொக்டர் தாளோடு வேகமாக வந்தார்.

"ஒண்டு தசம் மூண்டு."

எனக்கு முதலில் விளங்கவில்லை. "அது நல்லதோ?"

"ஊசி குடுக்க நல்லம். ஆனா வால்வுக்கு நல்லதில்ல. இவ்வளவு குறைஞ்சதாலதான் கட்டி வந்திருக்கும். ஐயா, உண்மையச் சொல்லுங்க. குளிசையை விட்டவவா?"

பின்னேரம் மணி அடித்தபோது அவள் தண்ணீர்க் கோப்பையோடு நிற்பதை நேற்றும் கண்டவன் நான். சற்று முன்னர் அவள் மறந்திருக்க வேண்டும் என்று மன்றாடியவன், இப்போது அந்தக் கேள்விக்கே கோபப்பட்டேன். "விடேல்ல எண்டு சொன்னால் விடேல்லத்தான்" என்றேன். டொக்டர் என்னுடைய கோபத்தைக் கவனத்தில் எடுக்கவில்லை. காய்ச்சல் வந்ததா என்று கேட்டார். வால்வில் கிருமி பிடித்திருந்தால் இந்த ஊசி ஆபத்தாம். இல்லை என்றேன். இரத்தத்தின் மற்றச் சோதனைகளிலும் அதற்கான குறி இல்லை என்றார். நாட்டு மருந்து ஏதும்? இல்லை. சாப்பாடு மாறியதா?

பக்கத்து வீட்டுப் பெண்தான் வாய் திறந்தாள். "அக்கா தவக்காலம் தொடங்கின விபூதிப் புதனில இருந்து மீன் தொடேல்ல, டொக்டர்."

இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தவக்காலத்தில் திருச்சபை விடச் சொல்வது இறைச்சியைத்தான். மீன் சாப்பிடலாம். ஆனால் துறைமுகத்தைச் சுற்றி வாழ்கிற எங்களுக்கு இறைச்சியை விடுவது ஒரு ஒறுத்தலா? அது ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. மீன்தான் ஒவ்வொரு நாளும். ஆகவே அந்த வருடம் என் மனைவி மீனை விட்டாள். கருவாடு, மாசி, முட்டை, எல்லாவற்றையும் விட்டாள். எனக்கு மட்டும் காய்ச்சித் தந்தாள். பாரையும் சூடையும் பொரிக்கிற வாசத்துக்குள் நின்றுகொண்டு, தனக்கு வேறாகச் சமைத்தாள். அதை நான் பக்தியின் ஒரு பகுதியாக எண்ணி, பொரித்த மீனை நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

டொக்டர் லேசாகச் சிரித்தார். "நாங்களும் இப்ப நோன்புதான். சரி, மீன விட்டவ, அப்ப என்ன சாப்பிட்டவ?"

"இலை" என்றேன்.

"என்ன இலை?"

"வெள்ளி தவிர மற்ற நாளில காலமை இலைக்கஞ்சி. மத்தியானம் பொன்னாங்காணி வறை. இல்லாட்டி அகத்தி. இரவு வல்லாரைச் சம்பல், முருங்கையிலைச் சொதி. சாம்பல்தீவில இருந்து சைக்கிள்ல கீரை கொண்டு வாற மனுசி முதல் எங்கட படலையிலதான் நிப்பாட்டுவா..."

சொல்லிக்கொண்டு போகும்போதே அவர் தலையாட்டத் தொடங்கிவிட்டார்.

"அதுதான். கீரையில உள்ள ஒரு சத்து இந்தக் குளிசைக்கு எதிரா வேலை செய்யும். இவ குளிசையையும் விடாமப் போட்டிருக்கிறா, அதை முறிக்கிறதையும் விடாமச் சாப்பிட்டிருக்கிறா."

இதைக் கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள். கீரையைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம், ஒரே அளவாகச் சாப்பிடச் சொல்லி எப்போதோ ஆரம்பத்தில் சொன்னது. மீன் சாப்பிடுகிற வீட்டில் கீரை ஒரு ஓரத்துக் கறி. மாறாத ஒன்றை யார் நினைவு வைத்திருக்கிறார்கள்? அடுத்த கிளினிக் வருகிற செவ்வாய்க்கிழமை. அந்தச் செவ்வாய் கொஞ்சம் முந்தி வந்திருக்கக் கூடாதா என்று எனக்கு வந்த ஆத்திரத்தை யார்மேல் காட்டுவது? கடவுளுக்காக விட்டவளைக் கடவுள் இப்படியா பார்ப்பது என்று கோபம் வந்தது. அடுத்த கணமே, விட்டிராவிட்டால் எண் இறங்கியிராது, ஊசியும் கொடுக்க ஏலாது என்று ஓடியது. விட்டிராவிட்டால் ஊசியே தேவைப்பட்டிராது என்று அதற்குப் பிறகு ஓடியது. இப்படிச் சுற்றிச் சுற்றித் தலை கிறுகிறுத்தது.

டொக்டர் என்னை அப்படியே நிற்க விடவில்லை. ஊசி கொடுத்தால் நல்லாய் வர வாய்ப்பு இருக்கிறது, ஒரு சிலருக்கு மூளைக்குள் இரத்தம் பாய்ந்து உயிருக்கே மோசமாகலாம், கொடுக்காவிட்டால் கையும் பேச்சும் இப்படியே நின்றுவிடக்கூடும் என்று சொன்னார். "நேரம் போகுது ஐயா. என்ன சொல்றீங்க?"

வீட்டில் என்ன வாங்குவது, யாருடைய கலியாணத்துக்கு எவ்வளவு கொடுப்பது, எல்லாம் அவள்தான் முடிவெடுப்பாள். நான் தலையாட்டுகிறவன். முதன்முதலாக எல்லாவற்றிலும் பெரிய முடிவை என்னிடம் கேட்டார்கள். அவளைக் கேட்டுச் சொல்லுகிறேன் என்று வாய்வரை வந்தது. கட்டிலடிக்குப் போனேன். அவள் இடது கையால் என் சேட்டின் நுனியைப் பிடித்தாள். என்ன சொல்லப் பிடித்தாள் என்று எனக்குத் தெரியாது. டொக்டர் பக்கம் திரும்பினேன்.

"ஓம்" என்றேன். "குடுங்கோ."

மருந்து ஏறியது. அதற்குப் பிறகு அவளை வாட்டுக்கு மாற்றி, அடிக்கடி வந்து இரத்த அழுத்தம் பார்த்தார்கள், கையைத் தூக்கச் சொன்னார்கள், கண்ணுக்கு லைட் அடித்தார்கள். தலையிடிக்கிறதா என்று கேட்பார்கள். அவளால் சொல்ல முடியாது. நெற்றி சுருங்குகிறதா என்று நான் பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் கண்ணை மூடினால் எனக்கு மூச்சு நின்றது. திறந்தால் ஏன் இப்படிப் பார்க்கிறாள் என்று பயம் வந்தது. மின்விசிறிச் சத்தத்தில் அந்த 'டிக்' கேட்கவில்லை. யாரும் பார்க்காத நேரம் குனிந்து காதை வைத்துக் கேட்டேன். அது அடித்துக்கொண்டிருந்தது. அதை நம்பி இனி இருக்க முடியாது என்று காலையிலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் கேட்டேன்.

பின்னேரப்பக்கம் வலது கையின் விரல்கள் விரிப்பை இழுத்தன. நான்தான் முதலில் கண்டேன். கண்டதைச் சொல்லப் பயமாக இருந்தது. தற்செயலாக இருக்கும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். திரும்பவும் இழுத்தன. தாதியைக் கூப்பிட்டேன்.

பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் நேரம் அந்த டொக்டர் வந்தார். கையில் தண்ணீர்ப் போத்தலும் ஒரு பேரீச்சம்பழமும் இருந்தன. கதவடியில் நின்று நோன்பைத் திறந்து, பழத்தை மென்றபடியே வந்து கையைத் தூக்கச் சொன்னார். வலது கை எழும்பியது. முழுக்க இல்லை, பாதிக்கு. பிறகு என்னைக் காட்டி, "இது ஆரு?" என்று கேட்டார்.

அவள் என்னை நன்றாகப் பார்த்தாள். உதடு கோணியது. மெதுவாக, தெளிவாக, "பாதர்" என்றாள்.

டொக்டர் சிரித்துவிட்டார். பக்கத்து வீட்டுப் பெண் வாயைப் பொத்தினாள். நான் அழுதேன். என்னைப் போய்ப் பாதர் என்றாளே என்பதற்காக இல்லை. ஒரு சொல் வந்ததே என்பதற்காக.

சொற்கள் முழுவதும் திரும்ப மாதங்கள் எடுத்தன. கதவைக் கோழி என்றாள். பசிக்கிறதா என்றால் செவ்வாய்க்கிழமை என்றாள். பிழை என்று தனக்கே தெரிந்து, கோபத்தில் கட்டிலில் அடிப்பாள். நான் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு சொல்லாக எடுத்துக் கொடுத்தேன். வீட்டில் இப்போது கதைப்பவன் நான், கேட்பவள் அவள். எனக்குக் கதைக்க விசயமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. இழுவைப்படகின் பம்புகளைப் பற்றி எவ்வளவு நேரம் சொல்லுவது? அன்று குசினியில் 'நான்' என்று தொடங்கியதன் மிச்சம் என்ன என்று கேட்டுப் பார்த்தேன். அவளுக்கு அந்தக் காலையே நினைவில் இல்லை. பிறகு நான் கேட்கவில்லை. ஆனால் இரவில் நித்திரை வராதபோது அதை நானே விதம்விதமாக முடித்துப் பார்ப்பேன். என்னை விட்டுப் போய்விடுவேன் என்று சொல்ல வந்தாளோ என்றுகூட ஒருநாள் நினைத்தேன்.

வருடம் திரும்பித் தவக்காலம் வந்தது. இப்போது ஒரு சின்னக் கிண்ணத்தில் அளந்து, நாள்தோறும் அதே அளவு கீரை சாப்பிடுகிறாள். மீனும் சாப்பிடுகிறாள். கிளினிக்குக்கு அடிக்கடி போகிறோம். எண் திரும்பவும் அதன் இடத்தில் நிற்கிறது. அது நன்றாக இருக்கிறது என்று சொன்னால் முன்பு எனக்குச் சந்தோசம் வரும். இப்போது அடுத்த தவணைவரை நன்றாக இருக்குமா என்ற பயம்தான் வருகிறது. ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பலோடு கோவிலால் வந்து கதிரையில் இருந்தவள், "இந்த முறை என்னத்தை விடுறது?" என்று கேட்டாள். சொற்கள் கொஞ்சம் மெதுவாக வரும், அவ்வளவுதான். "மீனை விட ஏலாது எண்டு டொக்டர் சொல்லிப்போட்டா. நான் யோசிச்சனான், மத்தியானத்துக்குப் பிறகு கதையை விடுவம் எண்டு. பேசாமல் இருந்து செபிக்கலாம்."

எனக்கு வந்த கோபத்தில் கையில் இருந்த தேத்தண்ணி சாரத்தில் ஊற்றுண்டது. "உனக்கு என்ன விசரே? சீனியை விடு. நாடகம் பார்க்கிறதை விடு. என்னை வேண்டுமெண்டால் விடு. கதையை விட்டியோ, நான் பாதரிட்டைப் போய்ச் சொல்லுவன்." இன்னும் என்னென்னவோ கத்தினேன். அவள் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் எதற்குக் கத்துகிறேன் என்று அவளுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். சீனியை விட்டாள்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை காலை நான் முன்னறையில் இருந்தேன். வானொலியில் செய்தி போய்க்கொண்டிருந்தது. குசினியில் அவள் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். எனக்குத் திருவலைச் சத்தத்தில் ஒரு காது எப்போதும் இருக்கும்.

"இஞ்சாருங்கோ, பின்னேரம் சிலுவைப்பாதை. முழங்கால் நோகுது எண்டு சொல்லப்போறீங்கள், எனக்குத் தெரியும். இண்டைக்கு மட்டும் நீங்கள் வராட்டி, நான்..."

திருவலை நின்றது. கதிரைக் கையைப் பிடித்து எழும்பப் பார்த்தேன். உள்ளே தேங்காய்ப்பாதியை மாற்றி வைக்கும் சத்தம் கேட்டது.

"...நான் உங்களுக்கு இனி மீன் பொரிச்சுத் தரமாட்டன். கேட்டுதோ?"

இவ்வளவுதான். ஒரு வருடமாக நான் பயந்துகொண்டிருந்த மிரட்டல் இவ்வளவுதான். கேட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் திருவலை திரும்பத் தொடங்கியது, அவளும் அடுத்த கதைக்குப் போய்விட்டாள். நான் எழும்பி, கொடியில் கிடந்த வெள்ளைச் சேட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து கதிரையில் இருந்தேன். சிலுவைப்பாதை பின்னேரம்தான் தொடங்கும்.